சக்கரம் வைத்த வீட்டின் சாக்கடைக் கணக்கு

2004 ஆகஸ்ட் 8 அன்று சிகாகோ ஆற்றில் ஒரு சுற்றுலாப் படகு போய்க்கொண்டிருந்தது. கரையோரக் கட்டடங்களைக் காட்டி அவற்றின் கதையைச் சொல்லும் படகு. திறந்த மேல்தளத்தில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கின்சி தெருப் பாலத்துக்கு அடியில் படகு வந்த அதே நேரத்தில், மேலே போன பேருந்து ஒன்றின் ஓட்டுநர் கழிவறை டேங்கைத் திறந்துவிட்டார். பாலத்தின் தளமோ இரும்புக் கம்பி வலை. சுமார் 800 பவுண்டு, நம் கணக்கில் 360 கிலோ, மலமும் மூத்திரமுமாகப் பயணிகளின் தலையில் இறங்கியது. அந்தப் பேருந்து டேவ் மாத்யூஸ் பேண்ட் என்ற ராக் இசைக்குழுவுக்காக ஓடியது. ஓட்டுநர் பிற்பாடு குற்றத்தை ஒப்புக்கொண்டார். இசைக்குழு 2 லட்சம் டாலர் கொடுத்து, இல்லினாய் மாநிலம் தொடுத்த வழக்கை முடித்துக்கொண்டது.

அமெரிக்காவில் இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் கேம்பர், அதாவது சக்கரம் வைத்த வீடு, வைத்திருக்கும் யாரும் முழு மனதோடு சிரிக்க முடியாது. டேங்க் நிரம்பிவிட்டது, அல்லது நிரம்பிவிட்டதோ என்று சந்தேகம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இந்தக் கேள்வி அவர்களுக்கு வாரம் தவறாமல் வருகிறது. 2021இல் அந்நாட்டு ஆர்.வி. துறை எடுத்த கணக்கெடுப்பின்படி 1 கோடியே 12 லட்சம் குடும்பங்களிடம் இத்தகைய வண்டி இருந்தது. காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர், பேருந்து அளவுக்குத் தானே ஓடும் மோட்டார் ஹோம், வேனைத் திருத்திச் செய்த குட்டி வீடு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுப்பெயர்தான் ஆர்.வி.

வண்டியின் அடிவயிற்றில் மூன்று பிளாஸ்டிக் டேங்குகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. சமையல் தொட்டி, வாஷ்பேசின், ஷவர் ஆகியவற்றிலிருந்து வரும் அழுக்குத் தண்ணீர் போவது கிரே டேங்க். கழிவறைக்கு நேர் கீழே இருப்பது பிளாக் டேங்க். நாம் சாம்பல் டேங்க், கறுப்பு டேங்க் என்று சொல்லிக்கொள்வோம். நடுத்தரமான ஒரு டிரெய்லரில் நல்ல தண்ணீர் 50 கேலன், சாம்பல் 40, கறுப்பு 30 என்ற அளவில் இருக்கலாம். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர் என்பதால், முறையே 190, 150, 115 லிட்டர். மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்தும் போதவில்லை என்று புலம்புகிறவர்கள் இந்த எண்களை இன்னொரு முறை படிக்கலாம்.

தண்ணீர் எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்று பாருங்கள். அமெரிக்க வீட்டில் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 82 கேலன், அதாவது 310 லிட்டர் செலவழிக்கிறார் என்கிறது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்த வீட்டுக் கழிவறைகள் ஒரு முறை ஃபிளஷ் செய்தால் 6 லிட்டர் விடுகின்றன. கேம்பரின் கழிவறையில் ஃபிளஷ் தொட்டியே கிடையாது. காலால் மிதியை அழுத்தினால் கிண்ணத்தின் அடியில் இருக்கும் அடைப்பான் விலகும். கூடவே அரை லிட்டரோ முக்கால் லிட்டரோ தண்ணீர் சுழன்று இறங்கும். மனித உடல் மட்டும் வீட்டில் கொடுப்பதையேதான் வண்டியிலும் கொடுக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 130 கிராம் மலம், ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக மூத்திரம். அசுத்தம் அதே அளவு, அதைத் தள்ளிச் செல்லும் தண்ணீர் பத்தில் ஒரு பங்கு. இந்த வண்டிகளில் நடக்கும் எல்லாக் கூத்துக்கும் மூலம் இதுதான்.

இரண்டு பேர் போகிறார்கள் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். உடலிலிருந்து இருவருக்கும் சேர்த்து 3 லிட்டர். ஆளுக்கு ஆறு முறை மிதியை அழுத்தினால், முக்கால் லிட்டர் வீதம் 9 லிட்டர். மொத்தம் 12 லிட்டர். 115 லிட்டர் கறுப்பு டேங்க் ஒன்பது நாள் தாங்கும். சாம்பல் டேங்க் அவ்வளவு தாங்காது. அமெரிக்காவில் விற்கும் ஷவர் நிமிடத்துக்கு 9.5 லிட்டர் வரை விடலாம் என்பது சட்ட வரம்பு. பதினைந்து நிமிடம் பாட்டுப் பாடிக்கொண்டு ஒருவர் குளித்தால் அந்த டேங்க் அன்றைக்கே முடிந்தது. அதனால்தான் கேம்பர்காரர்கள் கப்பல் படையிலிருந்து வந்த குளியலைக் கற்றுக்கொள்கிறார்கள்: உடம்பை நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, திற, அலசு, மூடு. ஒரு வாளி தண்ணீரில் முடிந்துவிடும். வாளியும் செம்புமாகக் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதில் பாடம் எதுவும் இல்லை.

இனி கறுப்பு டேங்க். இதைப் பற்றிய முதல் தப்பெண்ணம், இது ஒரு குட்டி செப்டிக் டேங்க் என்பது. வீட்டுக் கொல்லையில் இருக்கும் செப்டிக் டேங்கில் கழிவு நீண்ட காலம் தங்குகிறது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மெல்ல மெல்ல அதைத் தின்று கரைக்கின்றன. கழிவுநீர் ஒரு பக்கம் வழிந்து மண்ணுக்குள் போகிறது. இந்திய ரயில் பெட்டிகளுக்கு அடியில் தொங்கும் பயோ டாய்லெட் டேங்கிலும் பாக்டீரியாவுக்கு வேலை கொடுத்து, தெளிந்த நீரை வெளியே விடுகிறார்கள். கேம்பரின் டேங்க் இவை இரண்டிலும் சேராது. அது வெறும் கொள்கலன். உள்ளே போனது போனபடி இருந்து, ஒரு வாரம் பத்து நாளில் வெளியே வரவேண்டும். "எங்கள் பாக்டீரியா எல்லாவற்றையும் கரைத்துவிடும்" என்று பாட்டிலில் அச்சடித்து விற்கும் மருந்துகளை இந்தக் கால அளவை வைத்துத்தான் எடைபோட வேண்டும். காற்றில்லாச் செரிமானத்துக்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். அவ்வளவு நாள் அந்த டேங்கில் எதுவும் இருப்பதில்லை. நாற்றத்தைக் குறைக்க அவை உதவலாம். கட்டியைக் கரைக்கும் என்று நம்பிக் காசைக் கொட்டுவது வீண்.

கட்டி எப்படி உண்டாகிறது? பெரும்பாலும் புதிதாக வண்டி எடுத்தவர்களின் நல்லெண்ணத்தால். முகாம் மைதானங்களில் சில இடங்களில் வண்டிக்குப் பக்கத்திலேயே சாக்கடைக் குழாய் இருக்கும். மூன்று அங்குலக் குழாயை மாட்டி, டேங்கின் வால்வைத் திறந்தே வைத்துவிட்டால் நிரம்பும் கவலையே இல்லை என்று தோன்றும். வீட்டில் அப்படித்தானே போய்க்கொண்டிருக்கிறது? ஆனால் வீட்டில் 6 லிட்டர் தண்ணீர் சரிவான குழாயில் தள்ளிக்கொண்டு போகிறது. இங்கே முக்கால் லிட்டர், அகலமான தட்டை டேங்கின் தரையில் விழுந்து, பரவி, வால்வு வழியாக ஓடிவிடும். மலமும் பேப்பரும் விழுந்த இடத்திலேயே தங்கி, நாள்பட நாள்பட வறட்டி போலக் காய்ந்து இறுகும். அடுத்தடுத்து விழுவது அதன் தலையிலேயே விழும். கழிவறைக் கிண்ணத்துக்கு நேர் கீழே ஒரு மேடு எழும்பும். அமெரிக்கர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பிரமிடு. அது கிண்ணத்தின் வாயைத் தொடும் வரை பலருக்குத் தெரிவதே இல்லை.

ஆகவே கறுப்பு டேங்கின் வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு ஒரே மூச்சில் திறக்க வேண்டும். நூறு லிட்டர் ஒன்றாகப் புறப்பட்டால்தான் அடியில் கிடப்பதை வாரிக்கொண்டு போகும் வேகம் வரும். காலி செய்த கையோடு எட்டுப் பத்து லிட்டர் நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றி வைப்பதும் இதற்காகத்தான்: அடுத்து விழுவது காய்ந்த பிளாஸ்டிக்கில் விழாமல் நீரில் விழும். மேடு எழும்பிவிட்டால் அதற்கு மருந்தும் தண்ணீரேதான். டேங்கை நிரப்பி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, பிறகு கழுவிவிட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயோடு வரும் ஆட்களைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஐஸ் கட்டி வைத்தியம் என்று ஒன்று உண்டு. ஒரு மூட்டை ஐஸைக் கழிவறை வழியாகக் கொட்டி வண்டியை ஓட்டினால், கட்டிகள் உருண்டு டேங்கின் உட்சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்யுமாம். ஐஸ் மிதக்கும் பொருள். தண்ணீர் இருந்தால் அது மேலே போய்விடும், அடியைத் தொடாது. தண்ணீர் இல்லாவிட்டால் பேப்பர் ஒட்டிய சுவரை உருகும் கட்டி என்ன சுரண்டிவிடப் போகிறது? ஐஸுக்குக் கொடுக்கும் காசில் பலன் ஏதும் உண்டென்றால், அது உருகித் தண்ணீராவதால் வருவது.

பேப்பருக்கு எளிய சோதனை இருக்கிறது. மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, இரண்டு துண்டு பேப்பரைப் போட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும். நார் நாராகப் பிரிந்தால் டேங்குக்கு ஆகும். ஈரத் துடைப்பான்களோ, பாக்கெட்டில் "ஃபிளஷ் செய்யலாம்" என்று அச்சிட்டிருந்தாலும், அப்படிப் பிரிவதில்லை. இந்த விஷயத்தில் கழுவிப் பழகியவர்களுக்கு ஒரு சௌகரியம். டல்லாஸிலும் சான் ஹோசேயிலும் இருக்கும் நம்மவர்கள் விடுமுறைக்கு ஆர்.வி. வாடகைக்கு எடுத்தால், கூடவே ஒரு சின்ன கைத்தெளிப்பானோ பிளாஸ்டிக் சொம்போ போகிறது. டேங்க் கொஞ்சம் சீக்கிரம் நிரம்பும். ஆனால் பேப்பர் இல்லை, தண்ணீர் அதிகம். கறுப்பு டேங்க் கேட்பது இதைத்தான்.

அதே குடும்பம் சாம்பல் டேங்கில் மாட்டிக்கொள்ளும். சோறு வடித்த கஞ்சி, பருப்பு கழுவிய தண்ணீர், தாளித்த சட்டியின் எண்ணெய் எல்லாம் போவது அங்கேதான். சாம்பல் டேங்க் சோப்புத் தண்ணீர்தானே, அதில் என்ன நாற்றம் வரப்போகிறது என்று நினைக்கிறவர்கள், வெயிலில் மூன்று நாள் நின்ற வண்டிக்குள் நுழைந்து பார்த்தால் போதும். மாவுச்சத்தும் கொழுப்பும் பாக்டீரியாவுக்கு விருந்து. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அவற்றின் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும், சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் வகைப் பாக்டீரியாக்கள் தலையெடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடுகின்றன. அழுகிய முட்டையின் வாடை அதுதான். தட்டுகளைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுவது, கஞ்சியைத் தனியே எடுத்துவைப்பது என்று சமையல் தொட்டிக்கு முன்னாலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். எந்த மருந்தும் இதற்கு ஈடாகாது.

மருந்து என்றதும் ஃபார்மலினைச் சொல்லாமல் விட முடியாது. பழைய நீல நிறத் திரவங்களில் இருந்தது அது. பாக்டீரியாவைக் கொன்று நாற்றத்தை நிறுத்திவிடும், சந்தேகமில்லை. ஆனால் அந்த டேங்கைக் கொண்டுபோய் முகாம் மைதானத்தில் கொட்டும்போது, அங்கே மண்ணுக்கடியில் இருப்பது பெரும்பாலும் செப்டிக் டேங்க். அதற்குள் உழைத்துக்கொண்டிருக்கும் பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். கரையாத கழிவு மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீர் வரை போகும். ஃபார்மால்டிஹைடு, பிரோனோபால் போன்றவை கலந்த மருந்துகளைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரித்திருக்கிறது. பல மைதானங்கள் வாசலிலேயே தடை எழுதி வைத்திருக்கின்றன. நைட்ரேட் உப்பு கலந்த மருந்து வேறு வழியில் வேலை செய்கிறது: பாக்டீரியா சுவாசிக்கச் சல்ஃபேட்டைவிட நைட்ரேட் வசதியானது என்பதால், அது இருக்கும் வரை முட்டை வாடை எழுவதில்லை.

நாற்றத்துக்கு வேதியியல் மட்டும் காரணம் இல்லை, காற்றோட்டமும் காரணம். ஒவ்வொரு டேங்கிலிருந்தும் ஒரு குழாய் கூரைக்கு மேலே போகும். வாயு அதன் வழியாக ஏறி வெளியேற வேண்டும். கழிவறைக் கூரையில் ஒரு மின்விசிறியும் இருக்கும். அதைப் போட்டுவிட்டு மிதியை அழுத்தினால் என்ன நடக்கும்? விசிறி அறைக்குள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ள, அறையில் அழுத்தம் குறைகிறது. அதை ஈடுகட்டக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். திறந்த கிண்ணம்தான் மிக அருகில் இருக்கும் வாசல். கூரைக் குழாய் வழியாகக் காற்று தலைகீழாக இறங்கி, டேங்கைத் துழாவி, முகத்துக்கு நேரே எழும்பும். விசிறியை நிறுத்திவிட்டு மிதியை அழுத்துங்கள். பாதிப் புகார் அங்கேயே தீரும்.

இப்போது அளக்கும் விஷயத்துக்கு வருவோம். கேம்பர் உலகத்தில் மிக அதிகமாகத் திட்டு வாங்கும் கருவி எது என்று கேட்டால், சமையலறைச் சுவரில் இருக்கும் அந்தச் சிறு பேனலைத்தான் காட்டுவார்கள். பொத்தானை அழுத்தினால் நான்கு விளக்குகள்: காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, முழுசு. வண்டி வாங்கிய முதல் மாதம் சரியாகக் காட்டும். பிறகு கறுப்பு டேங்கைக் காலி செய்துவிட்டு வந்து அழுத்தினாலும் மூன்றில் இரண்டு என்று எரியும். அப்புறம் ஆயுள் முழுக்க அப்படியேதான்.

உள்ளே இருப்பது நம் வீட்டு மோட்டாருக்கு வைக்கும் வாட்டர் லெவல் கன்ட்ரோலரின் அதே உத்தி. டேங்கின் பக்கச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் துளையிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகளைப் பொருத்தியிருப்பார்கள். பொத்தானை அழுத்தும்போது சிறு மின்னோட்டம் பாயும். நீர் எந்தத் திருகாணி வரை எட்டியிருக்கிறதோ அதுவரை சுற்று பூர்த்தியாகி விளக்கு எரியும். நல்ல தண்ணீர் டேங்கில் இது ஒழுங்காகவே வேலை செய்கிறது. கழிவு டேங்கில்? ஈரப் பேப்பர் ஒரு துண்டு மேல் திருகாணியில் தொங்கினால் போதும். சாம்பல் டேங்கில் கொழுப்பும் சோப்பும் சேர்ந்த பிசுக்குப் படலம் சுவரில் ஒட்டும். அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு திருகாணிக்குத் திருகாணி மின்சாரத்தைக் கடத்தும். கருவியைப் பொறுத்தவரை அங்கே தண்ணீர் இருக்கிறது. பேனல் பொய் சொல்லவில்லை. மின்சாரம் போகிறதா என்று கேட்டால் போகிறது என்கிறது. நாம்தான் அதை நீர்மட்டம் என்று படிக்கிறோம். பொத்தானை அழுத்தும்போது மட்டும் காட்டும்படி அதை அமைத்ததற்கும் காரணம் உண்டு. நேர் மின்னோட்டம் விடாமல் பாய்ந்தால் மின்பகுப்பு நடந்து, திருகாணிகளில் உப்பும் துருவும் இன்னும் வேகமாகப் படியும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் டேங்கைத் தொடாமலே அளக்கும் பட்டை. கனடாவின் கார்னெட் நிறுவனம் செய்யும் சீலெவல் இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். உலோகப் படலம் பதித்த நீண்ட பட்டையை டேங்கின் வெளிச்சுவரில், அடியிலிருந்து மேல்வரை செங்குத்தாக ஒட்டிவிடுகிறார்கள். பட்டையில் மின்தேக்கித் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒரு தகட்டின் மின்தேக்குத் திறன், அதன் அருகே என்ன பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காற்றின் மின்காப்பு மாறிலி 1, பிளாஸ்டிக்குக்கு 2 அல்லது 3, தண்ணீருக்கோ ஏறக்குறைய 80. சுவருக்கு அந்தப் பக்கம் நீர் ஏறும்போது அந்த உயரத்துத் தகட்டின் அளவு சட்டென்று எகிறும். எந்தத் தகடு வரை எகிறியிருக்கிறது என்று பார்த்தால் மட்டம் தெரிந்துவிடும், அதுவும் சதவீதத்தில். உட்சுவரில் ஒட்டிய மெல்லிய படலம் அரைகுறையாகத்தான் அளவை உயர்த்தும். முழு நீரையும் வெறும் படலத்தையும் மின்னணுச் சுற்று ஓரளவு பிரித்துக்கொள்ளும். உலோக டேங்காக இருந்தால் இது செல்லாது. சுவர் மிகவும் தடிமனாக இருந்தாலும், பட்டைக்கு ஒட்டினாற்போல இரும்புச் சட்டம் போனாலும் குழம்பும். வண்டியின் அடியில் மூடியிருக்கும் தகட்டைக் கழற்றித்தான் ஒட்டவேண்டும் என்பதால், வாங்கிய பிறகு மாற்றுவது சிரமம். இவ்வளவு தெரிந்தும் பல தயாரிப்பாளர்கள் ஏன் இன்னும் திருகாணியையே பொருத்துகிறார்கள்? மலிவு, வேறொன்றும் இல்லை. லட்சக்கணக்கில் விலை போகும் வண்டியில் இந்தச் சிக்கனம் அசிங்கம் என்பது என் அபிப்பிராயம்.

பட்டை இல்லாதவர்களும் கணக்குப் போட்டே தப்பிக்கலாம். வண்டிக்குள் எங்கிருந்தும் தண்ணீர் முளைப்பதில்லை. நல்ல தண்ணீர் டேங்கிலிருந்து குறைந்தது எல்லாம், வியர்வையாகவும் ஆவியாகவும் போன கொஞ்சத்தைத் தவிர, இரண்டு கழிவு டேங்குகளில் ஒன்றில்தான் இருந்தாக வேண்டும். நல்ல தண்ணீர் டேங்கின் அளவுகோல் அழுக்காவதில்லை, நம்பலாம். பம்ப்புக்கு அடுத்து ஒரு சின்ன நீர்மானியை மாட்டினால் லிட்டர் கணக்கே கிடைக்கும். இன்று 45 லிட்டர் செலவானது, அதில் கழிவறைக்குச் சுமார் 9 போனது என்றால், மீதியில் பெரும்பகுதி சாம்பலில் இருக்கிறது. அசுத்தத்தைத் தொட்டு அளக்கப் போய்த்தான் இத்தனை சங்கடமும். சுத்தத்தை அளந்தால் அசுத்தத்தின் அளவு தானாகக் கிடைத்துவிடுகிறது. முகாமின் குழாயில் நேரடியாக மாட்டிக்கொண்டிருக்கும்போதும், குழாய் வாயில் நீர்மானி இருந்தால் இதே கணக்குச் செல்லும்.

கறுப்பு டேங்குக்கு மட்டும் இன்னொரு வழி: மிதியை அழுத்திக்கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பது. கிண்ணத்துக்கும் டேங்குக்கும் நடுவே நேரான குழாய்தான் என்பதால் மட்டம் கண்ணுக்குத் தெரியும். அருவருப்பாக இருக்கலாம். எந்த மின்னணுக் கருவியைவிடவும் துல்லியம்.

காலி செய்யும் இடத்துக்கு டம்ப் ஸ்டேஷன் என்று பெயர். முகாம் மைதானங்களில் இருக்கும். பெரிய லாரிகள் நிற்கும் பெட்ரோல் பங்குகள் சிலவற்றில் கட்டணத்துக்கு விடுவார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் நெடுஞ்சாலை ஓய்விடங்கள் சிலவற்றில் இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். வண்டியின் பக்கவாட்டில் வெளிவாய். அதன் மூடியைத் திருகிக் கழற்றும்போது கீழே ஒரு வாளி வைத்திருப்பது நல்லது. வால்வு லேசாகக் கசிந்திருந்தாலும் மூடிக்குப் பின்னால் ஒன்றிரண்டு லிட்டர் காத்துக்கொண்டிருக்கும். குழாயின் ஒரு முனையை வெளிவாயில் வைத்துத் திருகினால் கொக்கிகள் பிடித்துக்கொள்ளும். மறுமுனை தரையிலிருக்கும் சாக்கடைத் துளைக்குள் போகும். அது எகிறி வெளியே வராமல் பிடிக்க ஒரு கனமான கல்லோ முழங்கைத் துண்டோ வேண்டும். முதலில் கறுப்பு வால்வை இழுக்க வேண்டும். குழாய் உதறிக்கொண்டு நிரம்பும். கண்ணாடி போன்ற முழங்கை மாட்டியிருந்தால் நிறம் மாறுவது தெரியும். சத்தம் ஓய்ந்ததும் கறுப்பை மூடிவிட்டுச் சாம்பல் வால்வைத் திறக்க வேண்டும். சோப்பு கலந்த அந்த நூற்றைம்பது லிட்டர், கறுப்பு போன குழாயை அலசிவிடும். வரிசை மாறினால் மலக்குழாயைச் சுருட்டி வண்டியில் வைக்கும் பாக்கியம் கிடைக்கும்.

அங்கே ஒரு தண்ணீர்க் குழாயும் இருக்கும், குடிக்கக் கூடாது என்ற பலகையோடு. எல்லோரும் தங்கள் கழிவுக் குழாயை அதில்தான் கழுவுகிறார்கள். நல்ல தண்ணீர் பிடிக்கும் குழாயை அதில் ஒருபோதும் மாட்டக் கூடாது.

சில வண்டிகளில் கறுப்பு டேங்கை உள்ளிருந்தே பீய்ச்சிக் கழுவ ஒரு நீர் இணைப்பு வைத்திருப்பார்கள். நல்ல வசதி, ஆனால் ஆபத்தும் அங்கேதான். வால்வை மூடி, குழாயை மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பக்கத்து வண்டிக்காரரோடு பேசப் போனால், டேங்க் நிரம்பி, கூரைக் குழாய் வழியாக உச்சியிலிருந்து வழியத் தொடங்கும். 2006இல் ராபின் வில்லியம்ஸ் நடித்து 'ஆர்.வி.' என்றே ஒரு படம் வந்தது. அதில் கழிவு ஊற்றாகப் பீறிடும் காட்சியைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதை மிகை என்பார்கள். தண்ணீர்க் குழாயின் அழுத்தத்தை மூடிய டேங்குக்குள் விட்டால் அதில் பாதியாவது நடக்கும். கழுவி முடியும் வரை வால்வின் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

டம்ப் ஸ்டேஷன் பக்கத்தில் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் தங்குகிறவர்களும் உண்டு. அரிசோனாவின் குவார்ட்சைட் ஊரைச் சுற்றிய பாலைவனத்தில் குளிர்காலம் வந்தால் ஆயிரக்கணக்கான வண்டிகள் குவியும். பனிக்குப் பயந்து கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் இறங்கி வரும் ஓய்வூதியக்காரர்கள். மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை அங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டகாலம் தங்க அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறது. அதற்குப் பொதுவான ஒரு நிபந்தனை, வண்டியில் குறைந்தது 10 கேலன் கொள்ளும், நிரந்தரமாகப் பொருத்திய கழிவு டேங்க் இருக்க வேண்டும். அங்கே பலர் ப்ளூ பாய் என்று சொல்லும் சக்கரம் வைத்த நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் கழிவைப் பிடித்து, வண்டியை நகர்த்தாமலே இழுத்துப்போய்க் கொட்டிவிட்டு வருகிறார்கள். அதற்கும் உடம்பு இடம் கொடுக்காதவர்களுக்கு உறிஞ்சும் லாரி வரும். அதன் செல்லப் பெயர் ஹனி வேகன், தேன் வண்டி.

எடையையும் மறந்துவிடக் கூடாது. நிரம்பிய சாம்பல் டேங்க் 150 கிலோ, கறுப்பு 115. இரண்டும் நிரம்பிய டிரெய்லரை மலைப்பாதையில் இழுப்பது, வாட்டசாட்டமான மூன்று ஆட்களைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம்; டேங்கைத் தாங்கும் பட்டிகளுக்கும் அச்சுக்கும் அது நல்லதில்லை. கடுங்குளிரில் வேறு தொல்லை: வால்வு உறைந்துவிடும், வெளியே கிடக்கும் குழாய் ஐஸ் கம்பியாகிவிடும். டேங்குக்கு அடியில் மின்சூடு பாய் ஒட்டுவார்கள், இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் புரோப்பிலீன் கிளைக்கால் திரவத்தை ஊற்றுவார்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, இங்கே ஆகாது.

அமெரிக்காவில் இருக்கும் நீங்கள் அடுத்த விடுமுறைக்கு ஆர்.வி. வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், ஒப்படைக்கும் ஆள் பேனலைக் காட்டி "இரண்டும் காலி" என்பார். விளக்கை நம்ப வேண்டாம். கழிவறைக்குள் போய், விசிறியை நிறுத்தி, மிதியை அழுத்தி, கைபேசி டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். மேடு ஏதும் தெரிந்தால், அதைக் கழுவிக் கொடுத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். சுத்தமாக இருந்தால் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.